எட்டு பூஜ்யமான கதை: டாட் மேட்ரிக்ஸ் ஹெட்டுக்குள் ஒரு பயணம்

'டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரா? அது இன்னும் இருக்கிறதா?' என்று கேட்பவர்கள் ஒருமுறை கும்மிடிப்பூண்டி பக்கம் வந்து பார்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டையைத் தாண்டினால் சாலையோரம் லாரி எடை மேடைகள் தென்பட ஆரம்பிக்கும். சிப்காட்டில் இருக்கும் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கும் ரோலிங் மில்களுக்கும் பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகள் இரவு பகலாக அங்கே ஏறி இறங்கும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன் அருகில் 'கிர்ர்ர்' என்று கத்தும் 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்.

லேசரும் இங்க்ஜெட்டும் இவ்வளவு மலிவான பிறகும் இதை ஏன் வைத்திருக்கிறார்கள்? காரணம் கார்பன் காப்பி. லாரிக்காரருக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று, மேடைக்காரருக்கு ஒன்று என மூன்று எடை சீட்டும் ஒரே அடியில் விழ வேண்டும். 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. விதிகளும் சரக்கு அனுப்பும்போது இன்வாய்ஸை மூன்று பிரதிகளாகத் தயாரிக்கத்தான் சொல்கின்றன. காகிதத்தை அடித்து அச்சிடும் பிரின்டரால் மட்டுமே கார்பன் தாளில் மூன்றையும் ஒன்றாக எடுக்க முடியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் எம்.எஸ்.பி. வரிசை, விப்ரோவிலிருந்து பிரிந்த வெப் நிறுவனத்தின் பிரின்டர்கள், எப்சனின் எல்.எக்ஸ். வரிசை என்று நம் ஊர் கடைகளிலும் குடோன்களிலும் பார்ப்பவை எல்லாம் இந்த ஜாதிதான்.

என் மாமாவும் அப்படி ஒரு எடை மேடை நடத்துகிறார். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. சனி ஞாயிறில் ஊருக்கு வந்தால் மாமாவின் அறையில்தான் பாதி நேரம் போகும். அவரைப் பொறுத்தவரை கரன்ட்டில் ஓடும் எதுவாக இருந்தாலும் நான் சரிசெய்ய வேண்டும். "என்ன மாப்ள, நாலு வருஷம் காலேஜுல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?" என்பது அவருடைய வழக்கமான கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லாததால் ஒரு லாரி லோடில் 8 டன் காணாமல் போனது. அந்தக் கதைதான் இது.

ஊசியைத் தள்ளுவது யார்?

முதலில் ஹெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் வீட்டு 'டிங் டாங்' காலிங் பெல்லைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிய செம்புக் கம்பி, அதன் நடுவே ஓடும் ஒரு இரும்புத் தண்டு. கரன்ட் பாய்ந்ததும் கம்பிச் சுருள் காந்தமாகி தண்டை இழுக்கும்; நின்றதும் ஸ்பிரிங் தண்டைத் திரும்பத் தள்ளும். இதற்குப் பெயர் சோலினாய்ட். வாஷிங் மெஷினில் தண்ணீரைத் திறந்து மூடுவதும் இதே சங்கதிதான்.

9 ஊசி ஹெட்டில் இப்படி ஒன்பது குட்டிக் காந்தங்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய கம்பி ஊசியைத் தள்ள, ஊசி ரிப்பனை அடிக்க, காகிதத்தில் ஒரு புள்ளி விழுகிறது. ஊசி முனைகள் மட்டும் ஹெட்டின் மூக்கில் ஒன்றன் கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் நிற்கும். காலிங் பெல்லுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம் வேகம். ஒரு ஊசி விநாடிக்கு ஆயிரம் முறைகூட அடிக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் முன்னே போய், அடித்து, திரும்பி வந்து உட்கார அதற்குக் கிடைப்பது ஒரு மில்லி விநாடி, அதாவது 1000 மைக்ரோ விநாடி.

நான் அளந்து பார்த்த ஹெட்டில் ஒரு காயிலின் தடை சுமார் 20 ஓம், இன்டக்டன்ஸ் சுமார் 6 மில்லி ஹென்றி. அதற்குக் கிடைக்கும் வோல்டேஜ் 35. ஒரு ட்ரான்சிஸ்டர் சுமார் 300 மைக்ரோ விநாடி ஆன் ஆகி, பிறகு ஆஃப் ஆகும். ஆன் செய்ததும் கரன்ட் உடனே எகிறிவிடாது; காயில் அதை எதிர்க்கும். குழாயைத் திறந்ததும் நீளமான ஹோஸ் பைப்பின் மறுமுனையில் தண்ணீர் மெதுவாக வேகம் பிடிப்பதுபோல மெல்ல ஏறி, 300 மைக்ரோ விநாடி முடியும்போது 1.1 ஆம்பியர் வரை வந்திருக்கும்.

இப்போது ட்ரான்சிஸ்டரை ஆஃப் செய்கிறோம். இங்கேதான் பிரச்னை ஆரம்பம்.

மிச்சமிருக்கும் சக்தி எங்கே போவது?

ஓடும் கரன்ட்டைத் திடீரென்று நிறுத்தினால் காயில் ஒப்புக்கொள்ளாது. தன்னிடம் காந்தமாகச் சேர்ந்திருக்கும் சக்தியை எப்படியாவது வெளியே தள்ளும். போக வழி இல்லையென்றால் வோல்டேஜை நூற்றுக்கணக்கில் ஏற்றி ட்ரான்சிஸ்டரையே உடைத்துக்கொண்டு போகும். அந்தச் சக்தி எவ்வளவு? இன்டக்டன்ஸில் பாதியை, கரன்ட்டின் வர்க்கத்தால் பெருக்குங்கள். நம் கணக்கில் சுமார் 3.7 மில்லி ஜூல். அந்த ஒரு அடிக்கு 35 வோல்ட் சப்ளையிலிருந்து எடுத்ததே மொத்தம் 6.8 மில்லி ஜூல்தான். (ஊசியின் அசைவுக்கும் இரும்பில் வீணாவதற்கும் போகும் சிறு பங்கை இங்கே விட்டுவிட்டேன்.) அதாவது எடுத்ததில் பாதிக்கு மேல், வேலை முடிந்த பிறகும் காயிலிலேயே நிற்கிறது!

இதற்கு வழி விடுவதில் மூன்று விதங்கள் உண்டு.

முதல் விதம், காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடு. ரிலேயை ஓட்ட எல்லா மாணவர்களும் போடும் அதே டயோடு. ஆஃப் ஆனதும் கரன்ட் டயோடு வழியாகக் காயிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மெல்ல அடங்கும். ட்ரான்சிஸ்டருக்கு ஆபத்தில்லை. ஆனால் கரன்ட் பத்தில் ஒரு பங்காகக் குறையவே 600 மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகிறது. முழுதும் அடங்க 1000. அதுவரை காந்தம் விடாது, ஊசி தாளிலிருந்து சட்டென்று திரும்பாது. காயிலில் நின்ற சக்தி பெரும்பாலும் அந்தக் காயிலின் செம்பிலேயே சூடாக முடிகிறது.

இரண்டாவது, அந்த டயோடோடு ஒரு ஜீனர் டயோடையும் சேர்ப்பது. ஜீனர் சுமார் 35 வோல்ட் எதிர்ப்பைக் காட்டுவதால் கரன்ட் 150 மைக்ரோ விநாடிக்குள் பூஜ்யமாகிறது. ஊசி டக்கென்று திரும்பும். சக்தியில் பெரும்பகுதி ஜீனரில் சூடாகிறது. அதாவது சூடு ஹெட்டை விட்டு வெளியேறி சர்க்யூட் போர்டுக்கு இடம் மாறுகிறது.

மூன்றாவதுதான் அழகான விதம். காயிலின் மேலே ஒரு ட்ரான்சிஸ்டர், கீழே ஒரு ட்ரான்சிஸ்டர். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆஃப் செய்தால் காயிலின் கரன்ட் இரண்டு டயோடுகள் வழியாக 35 வோல்ட் சப்ளையின் கெப்பாசிட்டருக்கே திரும்பப் பாய்கிறது. கொடுத்த கடனில் மீதியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதுபோல! அடுத்த ஊசியின் அடிக்கு அது உதவும். இதிலும் கரன்ட் 150 மைக்ரோ விநாடிக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் சப்ளையின் 35 வோல்ட்டே எதிர்ப்பாக நிற்கிறது. ஒன்பது காயிலுக்கும் பதினெட்டு ட்ரான்சிஸ்டர் வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். ஒன்பது ஊசியும் ஒரே நேரத்தில் அடிப்பதால் மேல் ட்ரான்சிஸ்டர் ஒன்றே எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போதும்.

நான் செய்த தப்பு

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம் மாமா கூப்பிட்டார். பிரின்டரில் புகை வாசம் வந்ததும் ஆஃப் செய்துவிட்டாராம். திறந்து பார்த்தேன். மேலிருந்து நான்காவது ஊசியை ஓட்டும் ட்ரான்சிஸ்டர் போயிருந்தது. அந்த ஊசியிலிருந்து பொதுவான ஜீனருக்குப் போகும் டயோடு கருகி, போர்டில் அதன் தடமும் எரிந்திருந்தது. நல்லவேளை, காயில் பிழைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ரிச்சி ஸ்ட்ரீட் போய் வர நேரமில்லை. வெளியே நான்கு லாரி நிற்கிறது. ட்ரான்சிஸ்டரை மாற்றிவிட்டு, எரிந்த தடத்தை ஒட்டுப்போடச் சோம்பல்பட்டு, கையிலிருந்த ஒரு 1என்4007 டயோடை அந்தக் காயிலுக்கு நேர் குறுக்காக வைத்து சால்டர் செய்துவிட்டேன். மேலே சொன்ன முதல் விதம். சீட்டு அடித்துப் பார்த்தேன், பளிச்சென்று வந்தது. மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

மற்ற எட்டு ஊசிகளும் 150 மைக்ரோ விநாடியில் விடுபட, நான்காவது மட்டும் தாமதமாக விடுபட்டது. ஹெட் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி ரிப்பனிலேயே நின்றால் என்ன ஆகும்? நைந்துபோன ரிப்பன் நூலில் முனை மாட்டிக்கொள்ளும். நான்காவது நாள் ராத்திரி அந்த முனை உடைந்தது. உள்ளே காயில் அடிக்கிறது, சத்தம் வருகிறது, தாளில் மட்டும் அந்த வரிசைப் புள்ளி இல்லை.

எழுத்துகள் ஏழு புள்ளி உயரம். நான்காவது வரிசை என்பது சரியாக நடு வரிசை. இப்போது ஒரு தாளில் புள்ளிகளால் 8 போட்டு நடு வரிசையை அழித்துப் பாருங்கள். பூஜ்யம்!

அந்த ராத்திரி வந்த லாரியின் மொத்த எடை 28,460 கிலோ. காலி வண்டி எடை 10,200. நிகர எடை 18,260. சீட்டில் விழுந்ததோ 20,460, 10,200, 10,260. கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக இருக்கும். சந்தேகம் வர வழியே இல்லை. தலைப்பெல்லாம் முன்கூட்டியே அச்சடித்த சீட்டு என்பதால் பிரின்டர் அடித்தது எண்களை மட்டும்தான். வண்டி எண்ணில் ஓரிரு புள்ளி குறைந்ததை அர்த்த ராத்திரியில் யார் கவனிப்பார்கள்?

கிலோவுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலே 80,000 ரூபாய் வித்தியாசம். இரும்பு விற்ற வியாபாரி மறுநாள் வந்து, மாமா ஆலைக்காரரோடு கூட்டு என்று கத்தினார். கம்ப்யூட்டரில் 28,460 என்று இருப்பதைக் காட்டினால், "ஸ்க்ரீனுல நீங்க எதை வேணா போடுவீங்க, கையெழுத்து போட்ட சீட்டுதானே பேசும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ராத்திரி டியூட்டி பார்த்த பையனை வேலையை விட்டு நிறுத்தும் அளவுக்குப் பேச்சு போயிற்று. கடைசியில் ஆலைக்குள் இருந்த இன்னொரு மேடையின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துதான் விஷயம் தீர்ந்தது. மூன்று நாள் ஆனது. நான் சனிக்கிழமை வந்து ஹெட்டின் மூக்கை லென்ஸ் வைத்துப் பார்த்து, காரணம் என் டயோடுதான் என்று சொன்னபோது மாமா எதுவும் பேசவில்லை. அந்தப் பையனிடம் போய் நானே சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய ஹெட்டில் ஒரு பரிசோதனை

மாமாவின் பிரின்டருக்குப் புது ஹெட் வாங்கி, எரிந்த தடத்தை ஒழுங்காக ஒட்டு வயர் போட்டு, அந்த ஊசியையும் பழையபடி ஜீனரோடு இணைத்தேன். உடைந்த ஹெட் என் மேஜைக்கு வந்தது. எட்டு ஊசி நன்றாக இருக்கிறதே, வீணாக்குவானேன்? மூன்று விதங்களையும் அதில் போட்டுப் பார்த்தேன். ஒரே காயில், விநாடிக்கு 500 அடி, 35 வோல்ட் பெஞ்ச் சப்ளை.

வெறும் டயோடில் சப்ளையிலிருந்து சராசரியாக 97 மில்லி ஆம்பியர் போனது. பத்து நிமிடத்தில் காயில் பக்கம் கை வைக்க முடியவில்லை. ஜீனரிலும் ஏறக்குறைய அதே 97. ஆனால் காயில் கை வைக்கும் சூட்டில் இருந்தது, ஜீனர்தான் சுட்டது. திருப்பி அனுப்பும் சர்க்யூட்டில் 62 மில்லி ஆம்பியர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். நானே துள்ளிக் குதித்தேன்.

பிறகு நிதானமாக உட்கார்ந்து இன்னொரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இப்படிப்பட்ட சர்க்யூட்டைப் பற்றிப் பேசும் பலரும் போடுவதில்லை. ஒரு சீட்டில் சுமார் 300 எழுத்து, எழுத்துக்கு 15 புள்ளி என்றால் 4,500 அடி. ஒரு அடியில் திரும்பக் கிடைப்பது அதிகபட்சம் 2.6 மில்லி ஜூல். ஒரு நாளைக்கு 200 சீட்டு. வருடம் முழுவதும் கூட்டினால்? கால் யூனிட் மின்சாரம்! மாமாவின் கரன்ட் பில்லில் அது தெரியவே தெரியாது. அதே பிரின்டர் எதுவும் அடிக்காமல் சும்மா ஆனில் இருக்கும்போது எடுப்பது 4 வாட் என்று மீட்டர் காட்டியது. லாரி வராத எட்டு மணி நேரம் ஸ்விட்சை ஆஃப் செய்தால் வருடத்துக்கு 11 யூனிட்டுக்கு மேல் மிச்சம். எந்த ட்ரான்சிஸ்டரும் வேண்டாம்.

அப்படியானால் இந்த சர்க்யூட் எதற்கு? பேட்டரியில் ஓடும் சாதனங்களுக்கு, எக்கச்சக்கமான சோலினாய்டுகள் ஒன்றாக அடிக்கும் இடங்களுக்கு. 1959-ல் ஐ.பி.எம். கொண்டு வந்த 1403 லைன் பிரின்டரில் வரிக்கு 132 எழுத்து இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுத்தியல். அவ்வளவு காயிலின் மிச்ச சக்தியும் ஒரே பெட்டிக்குள் சூடானால் எப்படி இருக்கும்! 1974-ல் தொடங்கிய பிரின்ட்ரானிக்ஸ் நிறுவனம் வேறு ஒரு தந்திரம் செய்தது. அவர்களுடைய லைன் மேட்ரிக்ஸ் பிரின்டரில் சுத்தியலை ஒரு நிரந்தரக் காந்தம் ஸ்பிரிங்குக்கு எதிராக இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். காயிலின் வேலை அந்தக் காந்தத்தை ஒரு கணம் செயலிழக்க வைப்பது மட்டும். அடிப்பது ஸ்பிரிங். வில்லை முன்பே வளைத்து வைத்துவிட்டு விரலை மட்டும் எடுக்கும் கதை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு நம் பைக்குகளில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரும் ஒரு சோலினாய்ட்தான். அதற்குள்ளும் கரன்ட்டைச் சட்டென்று ஏற்றிச் சட்டென்று இறக்க வேண்டிய இதே தலைவலி உண்டு.

மாமாவின் பிரின்டருக்கு ஜீனரே போதும் என்று விட்டுவிட்டேன். ஹெட்டின் சூட்டைப் பொறுத்தவரை ஜீனருக்கும் திருப்பி அனுப்பும் சர்க்யூட்டுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் காயிலில் தங்குவது அடிக்குச் சுமார் 4 மில்லி ஜூல். வெறும் டயோடில் அது 6.7. ஹெட்டின் ஆயுளும் வேகமும் இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சூடு எல்லை தாண்டினால் பிரின்டர் தானாகவே மெதுவாகும் அல்லது நின்று நின்று அடிக்கும். மே மாத மதியத்தில் உங்கள் கடை பிரின்டர் பாதி பில்லில் நின்று யோசிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது இதனால்தான். ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

உங்களிடம் டாட் மேட்ரிக்ஸ் இருந்தால்

பில் டிசைனில் கட்டம் கட்டுவது, கறுப்புப் பட்டை, பெரிய லோகோ இவற்றை எடுத்துவிடுங்கள். எழுத்துக்கு ஓரிரு ஊசி அடிக்கும் இடத்தில் கறுப்புப் பட்டைக்கு ஒன்பதும் சேர்ந்து அடிக்கும். அந்த நேரத்தில் ஹெட்டுக்குப் போகும் கரன்ட் 10 ஆம்பியரைத் தொடும். கட்டங்களை அச்சகத்தில் முன்பே அடித்து வாங்குங்கள். ரிப்பன் நைந்தால் உடனே மாற்றுங்கள், மை ஊற்றி இழுக்க வேண்டாம். அச்சடித்த கையோடு ஹெட்டைத் தொடாதீர்கள், சுடும்.

டிரைவர் ட்ரான்சிஸ்டர் போயிருந்தால், புதியதைப் போடும் முன் பவரை எடுத்துவிட்டு ஹெட்டின் ஒயரைக் கழற்றி ஒன்பது காயிலின் தடையையும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ஒன்பதும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அந்தக் காயில் ஷார்ட். புது ட்ரான்சிஸ்டரும் அடுத்த நிமிடமே போகும். டயோடு எங்கிருந்து எங்கே போகிறது என்று தடத்தைப் பார்த்து, அதே இடத்தில் அதே வகை டயோடைப் போடுங்கள். 'எந்த டயோடாக இருந்தால் என்ன' என்று என்னைப்போல நினைக்க வேண்டாம்.

மாமாவின் மேடையில் இப்போது ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் முதலில் ஒரு வெற்றுச் சீட்டு அடிக்கிறார்கள். அதில் ஒரு வரி முழுக்க 8 மட்டும் இருக்கும். அதற்கான நாலு வரி புரோகிராமை எழுதிக் கொடுத்தது நான். அந்தச் சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்து ஃபைலில் கோர்க்க வேண்டும் என்று சொன்னது அந்த ராத்திரி டியூட்டிப் பையன்.